பால் பைத்தான் பாம்பின் தொட்டிக்குச் சூடு: வடசென்னை வீட்டில் எப்படி அமைப்பது

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ பாம்பு வளர்க்கிறவரிடம் ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் ஒட்டும், மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு) வாங்கச் சொன்னால், "இந்த ஊரு வெயிலுக்கு அது வேறயா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். கத்திரி வெயிலில் அறையே 35 டிகிரியைத் தொடுகிறது. மார்கழி விடியலில் வெளியே 20, 21 டிகிரிக்கு இறங்கினாலும் ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் 24, 25 நிற்கும். ஆனால் பாம்புக்கு வேண்டியது ஒரே சீரான சூடு அல்ல. தன் உடம்பில் சூட்டை உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிர் அது. இரை செரிக்கச் சூடான பக்கம் போகும், போதும் என்றதும் குளிர்ந்த பக்கம் வந்துவிடும். பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பான பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு கோடியில் தரை 31, 32 டிகிரி, மறுகோடியில் 26, 27. இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே போகக்கூடாது. கார்ன் ஸ்நேக் என்ற அமெரிக்கப் பாம்பு என்றால் சூடான பக்கம் 29, 30 போதும், மறுபக்கம் 24.

இங்கே சொல்வதெல்லாம் இந்த மாதிரி வெளிநாட்டுப் பாம்புகளுக்குத்தான். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தானையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும்.

ஹீட் மேட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது தெர்மோஸ்டாட், அதாவது சொன்ன சூடு வந்ததும் மேட்டை அணைத்து, குறைந்ததும் திரும்பப் போடும் கருவி. தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராக பிளக்கில் செருகிய மேட், அறை 25 டிகிரியில் இருக்கும்போது சரியாக இருப்பதுபோலத் தெரியும். அறை 33 ஆனதும் அதே மேட் கண்ணாடியை 45-க்குக் கொண்டுபோகும். பாம்பு சூட்டை உணர்ந்து விலகிவிடும் என்று நம்பி விடக்கூடாது. அடிவயிறு வெந்துகொண்டிருக்கும்போதும் அசையாமல் அதே இடத்தில் சுருண்டு கிடக்கும். செதில் சிவந்து கொப்புளம் கண்ட பிறகுதான் நமக்குத் தெரியவரும், ஆறுவதற்கு மாதக்கணக்காகும். சூடேற்றும் கல் என்று விற்பதை வாங்கவே வேண்டாம். அதிலும் இதே ஆபத்துதான்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைப்பது எஸ்டிசி-1000 என்ற தெர்மோஸ்டாட். 12 வோல்ட் மாடலும் இருக்கிறது, 230 வோல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் எட்டு முனைகள்: 1, 2 மின்சாரம், 3, 4 சென்சார், 5, 6 சூடேற்ற, 7, 8 குளிர்விக்க. பலரும் தடுமாறுவது 5, 6-இல். அதிலிருந்து கரண்ட் தானாக வராது, அது வெறும் சுவிட்ச். பேஸ் ஒயரை 1-இல் கொடுத்து, அங்கிருந்து ஒரு துண்டு ஒயரை 5-க்கு இழுக்க வேண்டும். 6-இலிருந்து மேட்டின் ஒரு ஒயர். நியூட்ரல் 2-க்கும் மேட்டின் இன்னொரு ஒயருக்கும். கருவியின் மேலே ஒட்டியிருக்கும் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். ஒயரிங் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்வது நல்லது. அந்த பிளக் பாயிண்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்பு கட்டாயம், ஏனென்றால் பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது.

கருவியின் செட்டிங்கில் எஃப்1-இல் வேண்டிய வெப்பநிலை, எஃப்2-இல் அதிலிருந்து எத்தனை டிகிரி இறங்கினால் மேட் திரும்ப ஓட வேண்டும் என்ற இடைவெளி. இடைவெளியை 0.5 வையுங்கள். எஃப்4 சென்சாரின் பிழையைத் திருத்த. அதற்குக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும்: ஒரு டம்ளர் தண்ணீரை 36 டிகிரி வாக்கில் வைத்து இரண்டையும் சேர்த்து முக்குங்கள், எத்தனை வித்தியாசமோ அத்தனையை எஃப்4-இல் போடுங்கள்.

மேட் தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கொளத்தூரில் செய்து வாங்கும் 90-க்கு 45 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டிக்கு 15 முதல் 20 வாட் மேட் தாராளம். 20 வாட் நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட் ஆகாது. மேட்டை வெளியே, கண்ணாடிக்கு அடியில் ஒட்டுங்கள். தொட்டியின் நான்கு மூலைக்கும் ரப்பர் புஷ் வைத்து 5, 8 மில்லிமீட்டர் தூக்கிவிட வேண்டும். மேஜையில் அப்படியே உட்கார்ந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி விரிசல் விடும். ஒருமுறை ஒட்டிய மேட்டை உரித்து வேறு இடத்தில் ஒட்டாதீர்கள். மடிந்த இடத்தில் உள்ளே உள்ள இழை சேதமாகி அங்கே மட்டும் கொதிக்கும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. தொட்டிக்குள் வைத்தால் பாம்பு அதை நகர்த்திவிடும், அல்லது அதன்மேல் சிறுநீர் கழித்துவிடும். குளிர்ந்த பக்கம் நகர்ந்த சென்சார், "இன்னும் சூடு வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், மேட் அணையவே அணையாது. ஆகவே மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், அலுமினியம் டேப் போட்டு ஒட்டுங்கள். அங்கே சூடு சற்றுக் கூடுதலாகக் காட்டும். 34 அல்லது 35 வைத்து, உள்ளே பரப்பிய தென்னை நார்க்கழிவை விலக்கி, வெறும் கண்ணாடியின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பிடித்து, 32 வரும்வரை அரை அரை டிகிரியாக மாற்றுங்கள். நாருக்கு மேலே அளந்து திருப்திப்படாதீர்கள், பாம்பு தோண்டிக்கொண்டு கண்ணாடிக்கே போய்விடும். ஒட்டி வைக்கும் வட்ட முள் மீட்டர்கள் நாலைந்து டிகிரி தவறாகக் காட்டும், நம்ப வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டிக்கொள்வது இன்னொரு ஆபத்து. தொடுமுனை உருகி ஒட்டினால், திரையில் 'ஆஃப்' என்றிருக்கும், மேட் ஓடிக்கொண்டே இருக்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றில் பிளக் பின் பச்சை பூத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். லூஸாக உட்கார்ந்த பிளக் முனையும் டெர்மினல் ஸ்க்ரூவும் அதேபோல அரித்துச் சூடாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்துத் துடையுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டாலும் காப்பாற்றும் இரண்டாவது ஏற்பாடாக, கேஎஸ்டி9700 என்ற சிறிய கட்-ஆஃப் சுவிட்சை, 45 டிகிரிக்குத் திறக்கும் வகையாக வாங்கி, மேட்டின் பேஸ் ஒயரில் தொடராக இணைத்து, மேட்டின் மேலேயே ஒட்டிவிடுங்கள். தெர்மோஸ்டாட் தவறினாலும் இது கரண்டை அறுத்துவிடும். மிக மலிவான பொருள், இது இல்லாத தொட்டியை முழுமையானதாக நான் எண்ணமாட்டேன்.

சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒரே அளவில் இரண்டு மறைவிடம் வேண்டும். ஒன்றுதான் இருந்தால், பாம்பு சூட்டைவிட மறைவையே தேர்ந்தெடுக்கும். தென்னை நார்க்கழிவு மேட்டின் மேல் 2 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அது சூட்டைத் தடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும், தண்ணீர் தெளிக்கத் தேவையில்லை. நனைந்த நார்மேல் சூடும் சேர்ந்தால் அடிச்செதில் அழுகும். ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் போதும், சட்டை உரிக்கும் நாட்களில் மட்டும் 70.

ஏசி அறை தனிக் கதை. 24-இல் ஏசி ஓடினால் மேட் தரையை மட்டும்தான் சூடாக்கும், பாம்பு மூச்சுவிடும் காற்று குளிர்ந்தே இருக்கும். வாயோரம் நுரை, மூச்சில் விசில் சத்தம் என்ற சுவாசக் கோளாறு அப்படித்தான் ஆரம்பிக்கும். அங்கே வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் 50 அல்லது 60 வாட் செராமிக் பல்பு மேலிருந்து வேண்டும். அதன் மேற்பரப்பு தொட்டால் பொசுக்கும் அளவுக்குச் சூடாகும், ஆகவே பீங்கான் ஹோல்டரும் சுற்றிலும் கம்பிவலையும் கட்டாயம். சிவப்பு, நீல இரவு பல்புகள் தேவையில்லை.

மே மாதத்தில் பிரச்சினை திரும்பிவிடும். மேட் தானாக அணைந்திருக்கும், குளிர்ந்த பக்கமே 32 ஆகியிருக்கும். மின்விசிறி வைத்தால் அறையின் காற்றுதான் உள்ளே வரும், அதற்குமேல் குளிராது. ஷீட் கூரை போட்ட மாடி அறையில் தொட்டியை வைக்கவே கூடாது. மேற்குச் சுவரை ஒட்டியும் வேண்டாம், மாலையில் அது அடுப்புபோல் கக்கும். கீழ்த்தளத்தின் உள்சுவரே நல்லது. மிஞ்சினால் தண்ணீர் உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி, குளிர்ந்த பக்கத்து வலைமூடியின் மேல் வையுங்கள்.

கீழ்த்தளம் என்றால் மழை. கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு போன்ற இடங்களில் தொட்டி ஸ்டாண்ட் மூன்றடி உயரத்துக்குக் குறையக்கூடாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் ஒரு மேட்டைச் சுலபமாகத் தாங்கும். ஸ்கொயர் வேவ் என்ற சாதாரண வகை இன்வெர்ட்டரானாலும் எஸ்டிசி போன்ற ஆன்-ஆஃப் வகை ஓடும், மேட்டுக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைத் தெர்மோஸ்டாட் தடுமாறும். இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டால் தொட்டியின் மூன்று பக்கமும் தெர்மகோல், மேலே போர்வை, காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் இடைவெளி, வெந்நீர் பாட்டில் ஒன்று துண்டில் சுற்றி வெளிக்கண்ணாடியை ஒட்டி. 22, 23 டிகிரியில் ஆரோக்கியமான பால் பைத்தான் ஓரிரு நாள் தாங்கும், வயிற்றில் இரை இல்லாமல் இருந்தால். புயல் எச்சரிக்கை வந்ததும் இரை கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். குளிரில் செரிக்காத எலி உள்ளேயே கெட்டு, பாம்பு கக்கிவிடும். கக்கிய பாம்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் இரை கூடாது. கரண்ட் வந்த பிறகும் சூடான பக்கம் ஒரு முழு நாள் 31-இல் நின்றதா என்று பார்த்துவிட்டே அடுத்த எலியை எடுங்கள்.