காஸ்டர் சக்கரத்தின் ஷிம்மி: டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தது

காஸ்டர் என்பது தள்ளுவண்டியில் இருப்பதுபோல எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரம். தள்ளுவண்டி வேகமெடுத்ததும் முன்சக்கரம் இடவலமாகப் படபடக்கும் ஆட்டம்தான் ஷிம்மி. விமானத்தின் மூக்குச் சக்கரத்திலும் இது வரும். செஸ்னா 172-இல் இதை அடக்கவே ஒரு ஹைட்ராலிக் டேம்பர் (எண்ணெயால் ஆட்டத்தைத் தணிக்கும் கருவி) இருக்கிறது. வேகத்தின் மீது மட்டும் பழி போடுவது தவறு. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அமைப்பு: 100 மி.மீ. கெட்டி ரப்பர் சக்கரம், 400 கிராம். அதைப் பிடிக்கும் கவை (ஃபோர்க்) 200 கிராம். ஃபோர்க் திரும்பும் செங்குத்துத் தண்டுதான் கிங்பின். டிரெயில், அதாவது கிங்பின்னுக்குப் பின்னால் அச்சு தள்ளியிருக்கும் தூரம், 30 மி.மீ. கிங்பின் தட்டை இணையான இரண்டு ஹேக்சா பிளேடுகள் பிடித்திருக்கின்றன. பிளேடின் அகல முகம் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். பிடிப்புக்கு வெளியே 60 மி.மீ. நீளம் விட வேண்டும். அப்போது தட்டு திரும்பாமல் பக்கவாட்டில் மட்டும் நகரும். கப்பி வழியாக 1 கிலோ இழுத்தால் சுமார் 2 மி.மீ. விலகுகிறது. சக்கரத்தின் மேல் 2 கிலோ பாரம் வைக்காவிட்டால், அது உருளும் டிரெட்மில் பெல்ட்டில் வழுக்கி, அளவெல்லாம் குழம்பிவிடும்.

முதல் ஓட்டம்: மெதுவாக ஓடும்போது விரலால் தட்டினால் ஆட்டம் அடங்கிவிடுகிறது. வேகத்தைக் கூட்டினால் அதே தட்டல் வளர்ந்து, ரப்பர் வழுக்கத் தொடங்கும் அளவில் நின்று ஆடுகிறது. செல்போனில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுத்து எண்ணினால் அதிர்வெண் 15 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் இந்தச் சக்கரம் 5 சுற்றுகூடச் சுற்றாது. பேலன்ஸ் கோளாறு என்றால் சுற்றுக்கு ஒரு முறைதான் ஆடும். ஆகவே இது அதுவல்ல.

கிங்பின் நட்டை இறுக்கினால் ஆட்டம் ஒழிந்தது போலத் தெரியும். அதை நம்பக்கூடாது. உலர் உராய்வு சிறு ஆட்டத்தை மட்டுமே விழுங்கும். பலமாகத் தட்டினால் மறுபடி கிளம்பும். கடை வண்டி சில நாள் ஆடி, சில நாள் சும்மா இருப்பதும் இதனால்தான்.

கணக்கு: ஒவ்வொரு பாகத்துக்கும் எடையை, கிங்பின்னிலிருந்து அதன் தூரத்தாலும் அச்சிலிருந்து அதன் தூரத்தாலும் பெருக்கிக் கூட்டுங்கள் (அச்சுக்குப் பின்னால் இருக்கும் பாகத்தைக் கழிக்க வேண்டும்). பாகங்கள் தத்தம் மையத்தைச் சுற்றித் திரும்பும் நிலைமத் திருப்புத்திறன்களின் (திருப்புவதை எதிர்க்கும் அளவு) கூட்டுத்தொகையை விட அது பெரிதாக இருந்தால், எந்த வேகத்திலும் ஷிம்மி இல்லை. சிறிதாக இருந்தால் அந்தக் குறைதான் ஆபத்து: டேம்பிங்கை (கிங்பின் திரும்பும் வேகத்தை எதிர்க்கும் தணிப்பு) டிரெயிலால் பெருக்கிக் குறையால் வகுத்தால் ஆட்டம் தொடங்கும் வேகம் கிடைக்கும். அச்சிலேயே இருக்கும் சக்கரத்தின் எடை இந்தக் கூட்டலில் எதுவும் சேர்ப்பதில்லை. சாதாரண காஸ்டர் ஆடுவதற்குக் காரணம் இதுவே. (டயர் வளையாது, வழுக்காது என்று வைத்த கணக்கு இது.)

மாற்றம் ஒன்று: டிரெயிலை 60 மி.மீ. ஆக்கி, கிங்பின்னுக்கும் அச்சுக்கும் நடுவே 150 கிராம் ஈயம் கட்டியதும் குறை ஏறத்தாழ அடைபட்டது. மணிக்கு 10 கி.மீ. வரை ஆட்டம் இல்லை. அதே ஈயத்தை அச்சுக்கு 30 மி.மீ. பின்னால் கட்டினால் குறை இரட்டிப்பாகி, ஆட்டம் சீக்கிரமே வந்துவிடுகிறது.

மாற்றம் இரண்டு: பழைய 30 மி.மீ. டிரெயிலுக்குத் திரும்பி, கிங்பின்னைச் சுற்றி 0.2 மி.மீ. இடைவெளியுள்ள உறையில் 1 லட்சம் சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பின் அலகு) சிலிக்கான் எண்ணெய் (ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரின் டிஃபரென்ஷியல் கியருக்கு விற்பது) நிரப்பினேன். பலமாகத் தட்டினாலும் அடங்குகிறது. உலர் உராய்வால் முடியாதது இது. உறைக்குள் காற்றுக் குமிழி சிக்கினால் டேம்பிங் குறைந்துவிடும். மெதுவாகச் சுழற்றியபடியே நிரப்ப வேண்டும்.

அடுத்து 200 மி.மீ. காற்று டயர். இங்கே மேலே சொன்ன கணக்கு போதாது. டயர் தரையைத் தொடும் பகுதி பக்கவாட்டில் வளைந்து, கடந்து வந்த தடத்தைச் சிறிது தூரம் நினைவில் வைத்திருக்கும். ஜெர்மன் ஆய்வாளர்கள் ஷ்லிப்பேயும் டீட்ரிஷும் 1941-இல் டயரை இழுத்துக் கட்டிய நாணாக எடுத்துக் கணக்கிட்டார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பசேய்க்கா 1966-இல் தன் முனைவர் ஆய்வில் இதை விரித்தார். எந்த வகை ஷிம்மி என்று பிரித்தறிய, வேகத்தை மாற்றி அதிர்வெண்ணைக் குறித்தால் போதும். அதிர்வெண் அசையாமல் நின்றால் காரணம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் தாங்கியின் (இங்கே பிளேடுகளின்) நெகிழ்வு. வேகத்தோடு சேர்ந்து ஏறி, தரையில் அலைநீளம் மாறாமல் இருந்தால் டயரின் நெகிழ்வு.