மனைக்கோடுகளில் வாசித்த சேலம்

பழைய நகரம் என்றால் கோபுரமும் மதிலும் அரண்மனையும் கண்ணில் பட வேண்டும் என்று எண்ணி வருபவர்களுக்குச் சேலம் ஏமாற்றமாகவே இருக்கும். மதுரையைப் போலக் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக விரியும் வீதிகள் இங்கே இல்லை. ஒரு பகுதிக்கே கோட்டை என்று பெயர் இருந்தும், இதுதான் கோட்டைச் சுவர் என்று கைநீட்டிக் காட்ட இன்று ஒன்றும் இல்லை. வீடுகளை அளந்து, வரைபடம் தயாரித்து, மாநகராட்சியின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், இந்த ஊரின் வயதை மனைகளின் எல்லைக்கோடுகளில்தான் தேட வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். சுவர் இடியும், கூரை மாறும், வீடு கடையாகும்; ஆனால் ஒரு மனையின் அகலமும் நீளமும், வாசல் பார்க்கும் திசையும், அண்டை வீட்டோடு பங்கிட்டுக்கொண்ட பொதுச்சுவரும், எத்தனையோ பாகப்பிரிவினைகளையும் கிரயங்களையும் தாண்டி நிற்கின்றன.

வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோடுமலை என்று மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த ஊர் இது. சேர்வராயன் மலைப்பக்கத்திலிருந்து வரும் திருமணிமுத்தாறு ஊருக்கு நடுவே ஓடித் தெற்கே சென்று காவிரியில் கலக்கிறது. அருணகிரிநாதர் பாடிய முருகன் சன்னதியைக் கொண்ட சுகவனேசுவரர் கோயில், கோட்டை அழகிரிநாதர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், திப்பு சுல்தான் காலத்தது என்று சொல்லப்படும் ஜாமியா மசூதி ஆகிய நான்கும் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன. ஆற்றை நம்பித்தான் ஊர் எழுந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் இன்றைய நகரம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது.

இது எப்போது நடந்தது என்பதைப் பத்திரங்கள் ஓரளவு காட்டிக் கொடுக்கின்றன. கோட்டைப் பகுதியில் ஒரு வீட்டை அளக்கச் சென்றபோது, உரிமையாளர் தந்த மூலப்பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் பகுதியில், வடக்கு எல்லையாக ‘ஆற்றுக்குப் போகும் பாதை’ என்று எழுதியிருந்தது. நேரில் பார்த்தால் அங்கே பாதை இல்லை. இரண்டு வீடுகளின் பின்சுவர்களுக்கு இடையே கடப்பைக் கல் பாவிய குறுகிய சாக்கடை மட்டுமே ஓடுகிறது. பிற்காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்றில் அதே எல்லை ‘சந்து’ என்றும், அதற்கும் பிந்தியதில் ‘கழிவுநீர்க் கால்வாய்’ என்றும் மாறியிருந்தது. தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் தினமும் மக்கள் நடந்த வழி, கழிவுநீர் இறங்கும் வழியாகிப்போனது. நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், புல எண் மூன்றையும் பார்த்து அந்த எல்லைக்கோட்டைத் தொடர்ந்தால் அது நேராக ஆற்றங்கரையில்தான் முடிகிறது.

கோட்டைக்கு வெளியே சேலம் பேட்டை பேட்டையாக வளர்ந்தது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு தொழில், ஒரு மாரியம்மன், ஒரு கடைவீதி. கோட்டை மாரியம்மனை எட்டுப் பேட்டைகளையும் ஆளும் அம்மன் என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆடி மாதத்தில் எல்லாப் பேட்டைகளிலும் ஒருசேரத் திருவிழா நடப்பதும், குகை என்ற பகுதியில், தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வலம் வரும் வண்டி வேடிக்கை நடப்பதும் அந்தப் பிணைப்பின் தொடர்ச்சியே. ஒரே மையத்திலிருந்து விரிந்த ஊராக இல்லாமல், தனித்தனி ஊர்கள் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்ட நகரம் என்று இதைச் சொல்லலாம். பேட்டைகள் சேரும் இடங்களில் தெருக்கள் ஏன் கோணலாக வளைகின்றன, ஒரு தெருவின் நடுவே மனைகளின் போக்கு ஏன் திடீரென்று திரும்புகிறது என்பதெல்லாம் இப்படிப் பார்த்தால்தான் விளங்கும்.

அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை ஆகிய நெசவாளர் பகுதிகளில்தான் என் தொழில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அங்கே மனைகள் பத்து, பன்னிரண்டு அடி அகலமே இருக்கும். நீளமோ எண்பது, தொண்ணூறு அடிக்குப் போகும். வரைபடத்தில் பார்த்தால் வெட்டி வைத்த மூங்கில் பட்டைகளைப் போல வரிசையாகக் கிடக்கும். குடும்பச் சொத்தைப் பங்கு போட்டதால் இப்படிக் குறுகிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். தரையில் தோண்டிய குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறி ஒன்றைப் போட்டு, பாவு என்னும் நீளவாட்டு நூலை நீட்டிக் கட்டி, பக்கத்தில் ஓர் ஆள் நடந்துபோக வழி விட்டால் எவ்வளவு அகலம் வேண்டுமோ, அந்த அகலமே இந்த வீடுகளின் அடிப்படை அளவாக இருப்பதை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.

அம்மாபேட்டையில் இடிக்க இருந்த ஒரு வீட்டில், முன்கூடத்துச் சிமெண்டுத் தளத்தில் ஓரிடம் மட்டும் லேசாக இறங்கியிருந்தது. அங்கே கடப்பாரையால் தட்டியபோது சத்தம் மாறியது. மேல் தளத்தைப் பெயர்த்துப் பார்த்தோம். செம்மண்ணும் செங்கல் துண்டுகளும் போட்டு மூடிய தறிக்குழி இருந்தது. விளிம்பில் பதித்த கருங்கல், கால் வைத்து உட்காரும் பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வீட்டுக்கார அம்மா அருகில் வந்து, “எங்க மாமனாரு இதுலதானுங்க உக்காந்து நெய்வாரு. விசைத்தறி வந்த பொறவு மூடிட்டோமுங்க” என்றார். குழியின் நேர் மேலே கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் இருந்தன. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதைத் தறி தீர்மானித்திருக்கிறது. அதைச் சுற்றித்தான் கூடமும் முற்றமும் அடுப்படியும் தங்கள் இடத்தைத் தேடிக்கொண்டன.

வீட்டுக்குள் அடங்காத வேலை வெளியே நடந்தது. பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க நீண்ட, நேரான, மரமில்லாத வெளி வேண்டும். அதற்காகவே நெசவாளர்கள் பொதுவில் வைத்திருந்த திடல்கள் பாவடி என்று பெயர் பெற்றன. நெரிசலான பேட்டைகளுக்கு நடுவே இவ்வளவு பெரிய வெற்றிடம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று வியப்பவர்கள், தெருவும் வீடும் பிறப்பதற்குக் காரணமான தொழிலே அந்த வெளியையும் கேட்டு வாங்கியது என்பதை உணர வேண்டும். ஒரு நகரத்தின் திட்டமிடலை அதிகாரிகள் மட்டுமே செய்வதில்லை என்பதற்குப் பாவடியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

செவ்வாய்ப்பேட்டையின் கணக்கு வேறு. அங்கே வாரச் சந்தையும் மண்டிகளும் ஆட்சி செய்தன. முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம் சரக்கு, மாடியில் குடித்தனம் என்று மூன்றாகப் பிரிந்த கட்டடங்கள் அவை. மாட்டுவண்டி உள்ளே வந்து திரும்புமளவுக்கு வாசல்கால்கள் அகலமானவை. பல மண்டிகளில் மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் போடப்பட்டது. தேக்குச் சட்டங்களை நெருக்கமாக அடுக்கி, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாகக் கோணவாட்டில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் இடித்து இறுக்குவார்கள். என்னோடு வரும் மூத்த கொத்தனார் ஒருவர், இப்படிப்பட்ட தளத்தை உடைக்கும்போது ஆட்களிடம் “பாத்து எடுங்கப்பா, இத மறுபடி போட ஆளு கிடையாது” என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

1792-இல் திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து தீர்வை விதித்தார்கள். உழவரிடமிருந்தே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவானதில் இந்த மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. நான் இன்று கையில் பிடிக்கும் புலப்படத்தின் மூதாதை அந்த அளவைதான். வெள்ளையர்கள் பழைய ஊருக்குள் குடியேறவில்லை. வடக்கே அஸ்தம்பட்டிப் பக்கம் பெரிய சுற்றுச்சுவர்களுக்குள் பங்களா கட்டிக்கொண்டார்கள். ரயில் நிலையம் மேற்கே தொலைவில் சூரமங்கலத்தில் வந்தது. 1866-இல் நகராட்சி, 1994-இல் மாநகராட்சி. இடையில் ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி போன்ற குடியிருப்புகள் அளவெடுத்த சதுர மனைகளோடு எழுந்தன. 2020-இல் திறக்கப்பட்ட ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம், பழைய ஊருக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே இருந்த இடைவெளி முழுவதும் நிரம்பிவிட்டதைக் கண்கூடாகக் காட்டுகிறது.

இப்போது எனக்குக் கவலை தருவது மனைகளை ஒன்று சேர்க்கும் போக்கு. 2019-இல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தொடர்கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்குப் பக்கவாட்டு இடைவெளியில் விலக்கு இருப்பதால் குறுகிய மனையிலும் ஒரு குடும்பம் முறையாக வீடு கட்ட முடிகிறது; அது நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று நான்கு மனைகளை ஒருவரே வாங்கி வணிக வளாகம் எழுப்பும்போது, பொதுச்சுவர்கள் போய், உட்பிரிவு எண்கள் ஒன்றாகி, தறி வகுத்த அளவு பதிவேட்டிலிருந்தே மறைந்துவிடுகிறது. உரிமையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். தகப்பன் விட்டுச்சென்ற வீட்டில் மழைக்கு ஒழுகும் கூரையோடு போராடுகிறவரிடம் பாரம்பரியம் பேசுவது நியாயமாகாது. இடிப்பதற்கு முன் அந்த வீட்டை முழுமையாக அளந்து வரைந்து வைப்பதற்கு மட்டும் யாருடைய அனுமதியும் பணமும் பெரிதாகத் தேவைப்படாது. விண்ணப்பத்தில் பழைய கட்டடத்தின் பரப்பைக் குறித்தால் போதும் என்றிருந்தாலும், நான் தரைப்படத்தோடு குறுக்குவெட்டுப் படமும், சுவர் கனமும், ஓட்டின் வகையும், தறிக்குழியின் ஆழமும் சேர்த்து எழுதிவைக்கிறேன். அம்மாபேட்டை வீட்டுக்கு அப்படித்தான் செய்தேன். படத்தின் ஒரு பிரதியைச் சட்டம் போட்டுப் புதிய வீட்டில் மாட்டப்போவதாக அந்த அம்மாவின் மகன் கேட்டு வாங்கிச் சென்றார். தொழிலில் இருக்கும் இளையவர்கள் சிலரும் இப்போது தங்கள் வேலைகளுக்கு இதே முறையைப் பின்பற்றத் தொடங்கியிருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் அடுத்து இடிக்க இருக்கும் வெல்ல மண்டி ஒன்றின் மாடித்தளத்தைச் சட்டம் சட்டமாக அளக்க, உரிமையாளரிடம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.