சித்தப்பாவின் கம்ப்யூட்டர் புது டிஸ்க்குக்கு மாறிய கதை

கோத்தகிரியில் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று சொன்னால்தான் ஏன் இத்தனை மெனக்கெட்டோம் என்பது புரியும். பச்சைத் தேயிலைக் கணக்கு இருக்கிறது. பறித்துத் தொழிற்சாலைக்குப் போட்ட கிலோ, வந்த பணம், பறிகூலி எல்லாம் மாதவாரியாக எக்செல்லில் கிடக்கின்றன. ஊர்க்காரர்களுக்கு அவர் அடித்துக் கொடுத்த மனுக்கள் ஒரு ஃபோல்டர் நிறைய, எல்லாம் வானவில் எழுத்துருவில். குடும்ப போட்டோக்கள். ஒரு பழைய லேசர் பிரிண்டர், அதை இயக்கும் டிரைவர் மென்பொருளின் சிடி எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஹார்ட் டிஸ்க் மெதுவாகிக்கொண்டே வந்தது. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் கட்டத்தில் ‘காஷன்’, அதாவது எச்சரிக்கை, என்று காட்டியது. பட்டியலில் சி5 என்ற வரியில் எண் பூஜ்யமாக இல்லை. டிஸ்க்கால் சரியாகப் படிக்க முடியாமல் தவிக்கும் இடங்களின் கணக்கு அது. அப்படியே பல மாதம் ஓடும் டிஸ்க்கும் உண்டு, மறுநாளே படுத்துவிடுவதும் உண்டு.

குன்னூரில் ஒரு கடையில் கேட்டதற்கு, “டேட்டாவை காப்பி எடுத்துட்டு, புது எஸ்எஸ்டியில விண்டோஸ் போட்டுடலாம் சார்” என்றார்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க். பெரும்பாலானவர்களுக்கு அது சரியான யோசனைதான். சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி: “ஏம்ப்பா, என் தமிழ் டைப்பிங் அப்படியே வருமா?”

வராது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது 2010இல். அவருடைய மனுக்களில் பாதி அதற்கு முந்தையவை, மீதியையும் கைப்பழக்கத்தால் பழைய முறையிலேயே அடித்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மனு முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். டைப்பிங் மென்பொருளை நிறுவும் சிடியும் பிரிண்டர் சிடி போன வழியே போய்விட்டது. ஆகவே ஃபைல்களை மட்டும் எடுத்தால் பத்தாது. விண்டோஸ், எழுத்துரு, டிரைவர், செட்டிங் எல்லாம் சேர்த்து டிஸ்க்கையே இமேஜாக, அதாவது உள்ளது உள்ளபடி முழுப் பிரதியாக, எடுத்து, அதை இன்னொரு டிஸ்க்கில் இறக்குவது என்று முடிவு செய்தோம்.

விண்டோஸிலேயே சிஸ்டம் இமேஜ் எடுக்கும் வசதி கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. ஆனால் அதை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017இலேயே சொல்லிவிட்டது. நான் எடுத்தது குளோன்சில்லா. தைவானில் உருவான இலவச மென்பொருள். விண்டோஸ் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் (கிளம்பும்), கறுப்புத் திரையில் நீல மெனு, மவுஸ் கிடையாது. பார்க்கப் பயமாக இருக்கும், வேலை சுத்தம். டிஸ்க்கில் எழுதப்பட்ட பகுதியை மட்டும் சுருக்கி எடுப்பதால் இமேஜ் ரொம்பப் பெரிதாவதில்லை.

புது டிஸ்க் வாங்கும்போது ஒரு சங்கதி. பழையது 500 ஜிபி. கடையில் மலிவாகக் கிடைப்பது 480 ஜிபி எஸ்எஸ்டி. உள்ளே நிரம்பியிருப்பது அதில் பாதிகூட இல்லையே, போதாதா என்று தோன்றும். குளோன்சில்லா ஒத்துக்கொள்ளாது. சேருமிடம் பழைய டிஸ்க்கின் அளவாவது இருக்க வேண்டும். சிறியதில் இறக்க வேண்டுமானால் முதலில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்திருக்கும் பகுதியை, சுருக்க வேண்டும். தள்ளாடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அந்த அறுவைச் சிகிச்சை எதற்கு? 1 டிபியே வாங்கிவிட்டோம்.

இமேஜ் எடுப்பதற்கு முன் விண்டோஸை உண்மையாகவே அணைக்க வேண்டும். சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் அடுத்த முறை சீக்கிரம் கிளம்புவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி காரணமாக அது பாதித் தூக்கத்தில் இருக்கும், குளோன்சில்லா அந்தப் பார்ட்டிஷனைத் தொட மறுக்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். லேப்டாப்பாக இருந்தால், சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க விடாத விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியை வேறெங்காவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இந்த மேஜைக் கம்ப்யூட்டரில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது கரண்ட். கோத்தகிரிக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மாதங்களில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், லைன்மேன் வந்து சேரும்வரை இருட்டுதான். யுபிஎஸ் தருவது கோப்பைச் சேமித்துவிட்டு அணைக்கும் நேரம், அவ்வளவே. நடுவில் நின்றால் குளோன்சில்லா விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். அதனால் மழை விட்டு வெயில் காய்ந்த நாளாகப் பார்த்துக் காலையிலேயே உட்கார்ந்தோம். வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பின்பக்கத்தில் இருக்கும் வேகமான நீல யுஎஸ்பியில் செருகினேன். முன்பக்கத்தில் இருப்பது யுஎஸ்பி 2. அதில் நொடிக்கு 30 எம்பி வந்தால் பெரிது, 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

மெனுவில் ‘டிவைஸ்-இமேஜ்’, பிறகு ‘சேவ்டிஸ்க்’. கடைசியில், எடுத்த இமேஜ் மீட்கக்கூடியதா என்று சோதிக்கட்டுமா என்று கேட்கும். சிலர் நேரம் மிச்சம் என்று வேண்டாம் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். அதுவும் பாதி நம்பிக்கைதான் தரும். ஃபைல் படிக்க முடிகிறது என்பது வேறு, கம்ப்யூட்டர் பூட் ஆகிறது என்பது வேறு. மோசமான இடங்களில் மாட்டிக்கொண்டால் ‘ரெஸ்க்யூ’ என்ற ஆப்ஷன் உண்டு. படிக்க முடியாததைத் தாண்டிப் போகும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். சித்தப்பா, “ரெண்டும் இருக்கட்டுமேப்பா” என்றார். “வேணாம் சித்தப்பா, ரெண்டுக்கும் ஒரே அடையாள எண், விண்டோஸ் குழம்பிடும்” என்றேன். அதைவிடப் பெரிய காரணம், மெனுவில் டிஸ்க் பெயர் மாறி எதன்மேல் எதை எழுதுகிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

‘ரீஸ்டோர்டிஸ்க்’ கொடுத்ததும் சேருமிடத்தில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரித்து, சரியா என்று கேட்டது. ‘ஒய்’ அடித்தேன். உடனே, மறுபடியும் கேட்கிறேன் என்று சொல்லியே இன்னொரு முறை கேட்டது. பக்கத்திலிருந்த சித்தப்பாவுக்கு மென்பொருள் மேல் மரியாதை வந்தது அப்போதுதான். “பத்திரம் பதியறப்பகூட இவ்வளவு கேட்க மாட்டாங்க” என்றார்.

முதல் பூட் கொஞ்சம் இழுத்தது, வந்துவிட்டது. அதே வால்பேப்பர், அதே இடத்தில் அதே ஐகான்கள். விண்டோஸ் ஆக்டிவேஷன் கலையவில்லை. அந்த உரிமம் முக்கியமாக மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க்கோடு இல்லை. ஒரு பழைய மனுவைத் திறந்தார், தமிழ் தெரிந்தது. புதிதாக ஒரு வரி அடித்தார், பிரிண்ட் எடுத்தார், வந்தது. போட்டோக்களில் ஆண்டுக்கு ஒன்றாகத் திறந்து பார்த்தோம். எக்செல்லில் கடைசி மாதக் கூட்டுத்தொகையை அவருடைய நோட்டோடு ஒப்பிட்டார்.

மீதமிருந்தது ஒரே இடைஞ்சல். 1 டிபியில் பாதி இடம் ஒதுக்கப்படாமல் கிடந்தது. சி டிரைவைப் பெரிதாக்கலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்டில் போனால் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கியிருந்தது. சி-க்கும் காலியிடத்துக்கும் நடுவில் விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் என்ற மென்பொருளைப் போட்டு அதை நகர்த்தலாம். இப்போதுதான் நல்லபடியாக ஓடத் தொடங்கியதைக் கிளறுவானேன் என்று காலியிடத்தை டி டிரைவாக்கிப் போட்டோக்களை அங்கே மாற்றிவிட்டோம்.

இமேஜ் இருக்கும் டிஸ்க் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் இருக்கிறது. இந்த ஊர் ஈரத்துக்குக் கேமரா லென்ஸே பூசணம் பிடிக்கும். இரவெல்லாம் குளிரில் கிடந்ததை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் கொஞ்ச நேரம் விட்டுத்தான் செருக வேண்டும், உள்ளே நீர் கோத்திருக்கலாம். இன்னொரு பிரதி மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து வீடுகள் போனதைப் பார்த்தவர் சித்தப்பா. ஒரே அலமாரியில் இரண்டு பிரதி வைப்பதில் அர்த்தமில்லை என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் இருக்கும் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் இதில் இனி டைப்பிங்கும் கணக்கும் மட்டும். பேங்க் வேலையெல்லாம் போனில். மனுக்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார். பழைய டிஸ்க்கை அழிக்கலாமா என்று கேட்டேன். மார்ச் கணக்கு முடியட்டும் என்கிறார்.