தம்பி மகளுக்கு ஒரு கையில்லாத கவுன்

குன்னூரில் வளர்ந்த எங்களுக்குப் பின்னல் என்றாலே கம்பளி நூலும் முழுக்கை ஸ்வெட்டரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் என் தம்பி மகள் வளர்வது திருச்சியில். இரண்டு வயது நிரம்பும் அந்தக் குழந்தைக்கு அத்தையின் கையால் ஒன்று பின்னித் தர வேண்டும் என்று நினைத்தபோது, சித்திரை வெயிலிலும் அவள் உடுத்திக்கொள்ளக் கூடியதாக அது இருக்க வேண்டும் என்பதே முதல் கவலையாக இருந்தது. அக்ரிலிக் நூல் மலிவானது, நிறங்களும் ஏராளம். எனினும் அது வியர்வையை உறிஞ்சாது என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூலில் 50 கிராம் கண்டுகள் ஐந்து வாங்கினேன். மாம்பழ மஞ்சள் நிறம்.

கையில்லாத கவுன், முதன்முதலாக உடை பின்னுகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டே துண்டுகள். இரண்டும் கீழே அகன்று, மேலே வரவரக் குறுகுகின்றன. கையைத் தனியாகப் பின்னி வளைவில் பொருத்தும் கடினமான வேலை இதில் இல்லை.

அளவுகளைத் தம்பி மனைவி தொலைபேசியில் சொன்னாள். ஓரிடத்தில் நிற்காத குழந்தையை அளப்பதைவிட, அவளுக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு பழைய கவுனைத் தரையில் விரித்து அளப்பதே எளிது என்பதால் அப்படியே செய்யச் சொன்னேன். உடம்பில் அளந்தே தீர வேண்டியவை மார்புச் சுற்றளவும் தலைச் சுற்றளவும் மட்டுமே. மார்பு 53 செ.மீ., தலை 49 செ.மீ. தோளிலிருந்து முழங்கால் வரை 47 செ.மீ. வயதைப் பார்த்து அளவை முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனெனில் ஒரே வயதுக் குழந்தைகளிடையே உயரமும் பருமனும் அவ்வளவு வேறுபடுகின்றன.

அடுத்தது மாதிரித் துண்டு. பலரும் பொறுமையிழந்து இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். நூலின் தாளில் 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் (ஊசியில் வரிசையாக அமையும் நூல் வளையங்கள்) என்று அச்சிட்டிருந்தது. நான் அதே ஊசியில் 15 செ.மீ. சதுரமாகப் பின்னி, துவைத்து, நிழலில் உலர்த்தி, நடுப்பகுதியில் எண்ணியபோது 20 கண்ணிகள்தான் வந்தன. என் கை தளர்வானது. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தாளை நம்பிச் சுற்றளவு முழுவதுக்கும் 128 கண்ணிகள் என்று கணக்கிட்டுப் பின்னியிருந்தால், மார்பளவோடு 5 செ.மீ. தளர்வு சேர்த்து 58 செ.மீ. வர வேண்டிய உடை 64 செ.மீ. ஆகி, குழந்தையின் தோளிலிருந்து நழுவியிருக்கும். 3.5 மி.மீ. ஊசிக்கு மாறியதும் கணக்கு சரியானது. துவைக்காமல் அளந்த மாதிரித் துண்டை நம்ப வேண்டாம், ஏனெனில் பருத்தி தண்ணீர் பட்ட பிறகுதான் தன் உண்மையான அளவைக் காட்டும்.

ஒவ்வொரு துண்டுக்கும் 88 கண்ணிகளை ஊசியில் ஏற்றி, முதல் எட்டு வரிசைகளை இருபுறமும் நேர்ப் பின்னலாகவே பின்னினேன். இந்தக் கரை இல்லாவிட்டால் ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபுறப் பின்னல்) என்று போகும் வழவழப்பான துணி கீழ் ஓரத்தில் பாய்போலச் சுருண்டுகொள்ளும். அதன்பின் ஆறு வரிசைக்கு ஒருமுறை இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு கண்ணி குறைத்து (அதாவது இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி), இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் 64 கண்ணிகள் மீதமாகும். குறைப்பதை ஓரத்திலேயே செய்யாமல் இரண்டு கண்ணிகள் உள்ளே தள்ளிச் செய்தால், பிறகு பக்கங்களைத் தைக்கும்போது ஓரம் நேராகக் கிடைக்கும். 34 செ.மீ. உயரம் வரும்வரை பின்னியதும் கைத்துளைக்காக இருபுறமும் நான்கு நான்கு கண்ணிகளை மூடி (பிரியாதபடி பின்னி முடித்து), அடுத்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக நான்கு முறை இருபுறமும் ஒவ்வொரு கண்ணி குறைக்க, 48 கண்ணிகள் நிற்கும். தோளுக்கு 12, கழுத்துக்கு 24, மறு தோளுக்கு 12. முன்பக்கத்தில் மட்டும், தோளுக்கு 5 செ.மீ. முன்னதாகவே நடுவில் 14 கண்ணிகளை மூடிவிட்டு, இருபுறமும் தனித்தனியே ஐந்து ஐந்து கண்ணிகள் குறைத்துக் கழுத்தை வளைத்தேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கழுத்துதான். சிறு குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. இரண்டு தோள்களையும் தைத்துவிட்டால் கழுத்தின் சுற்றளவு ஏறக்குறைய 28 செ.மீ. தான் வருகிறது. அதற்குள் 49 செ.மீ. தலை நுழைய வேண்டும். கம்பளி நூல் ஓரளவு இழுபடும், பருத்தி அவ்வளவு இழுபடாது. கழுத்தை அகலமாக்கினாலோ தோள் சரிந்து விழும். உடை மாட்டும்போது மூக்கும் காதும் அழுந்தி ஒருமுறை அழுத குழந்தை, அந்த உடையைக் கண்டாலே ஓடும். ஆகவே வலது தோளை மட்டும் தைத்துவிட்டு, இடது தோளை முழுவதும் திறந்தே வைத்தேன். பின்தோளில் ஆறு வரிசைகள் கூடுதலாகப் பின்னினால் அது பொத்தான் தைக்கும் பட்டியாகிறது. முன்தோளிலும் அதேபோல் ஆறு வரிசைகள் பின்னி, அதில் நூலை ஒருமுறை ஊசியில் சுற்றி அடுத்த இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னினால் பொத்தான் துளை தானாக அமைகிறது. தோள் திறந்ததும் கழுத்தும் கைத்துளையும் ஒன்றாகி, திறப்பின் சுற்றளவு ஏறத்தாழ 55 செ.மீ. ஆகிவிடுவதால் தலை தடையின்றி நுழைகிறது. இன்னொரு வசதியும் உண்டு. ஒரு தோள் திறந்திருப்பதால் கழுத்துக் கரைக்கான கண்ணிகளை வட்ட ஊசி இல்லாமல் சாதாரண நேர் ஊசியிலேயே எடுத்துப் பின்ன முடிகிறது. அந்தக் கரையை மூடும்போது மட்டும் 4 மி.மீ. ஊசியைப் பயன்படுத்தினேன். இறுக்கி மூடினால் கழுத்து சுருங்கிவிடும்.

பொத்தான்கள் இரண்டு. அவற்றைப் பின்னல் நூலால் தைக்காமல், உறுதியான தையல் நூலை இரட்டையாகக் கோத்து, பட்டியின் உட்புறத்தில் ஒரு சிறு துணித் துண்டும் வைத்துத் தைத்தேன். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் கழன்று விழும் பொத்தான் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் இழுத்துப் பார்க்கும்படி தம்பி மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன்.

நான்கு கண்டுகள் செலவாயின, ஐந்தாவது அப்படியே இருக்கிறது. முதல் துவைப்புக்குப் பின் கவுனைக் கொடியில் தொங்கவிட்டதில் தன் கனத்தாலேயே இரண்டு செ.மீ. நீண்டுவிட்டதாம். இனி குளியல் துண்டின் மேல் விரித்துத்தான் உலர்த்துகிறார்கள். அடுத்த ஆண்டு அவள் வளரும்போது இதுவே லெகிங்ஸுக்கு மேல் போடும் சட்டையாகலாம். நீளம் கூட்ட விரும்பினால், தொடங்கிய ஓரத்திலிருந்து பின்னலைப் பிரிப்பது எளிதல்ல என்பதால், அந்த விளிம்பில் புதிதாகக் கண்ணிகளை எடுத்து ஒரு கரை சேர்க்க வேண்டியிருக்கும். அதற்காகவே ஐந்தாவது கண்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். இப்போது ஊசியில் இருக்கும் இரண்டாவது கவுனைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிறேன். இதில் கடைசியாக மூடுவது கீழ் விளிம்பு என்பதால், எப்போது வேண்டுமானாலும் அதைப் பிரித்து, மேற்கொண்டு பின்னி நீளமாக்கலாம்.