பிழைச்சுக்குவாங்களா, டாக்டர்?

ரவுண்ட்ஸ் முடிந்து வார்டைவிட்டு வெளியே வந்தால் கதவுப் பக்கம் யாராவது ஒருவர் காத்திருப்பார். மகனாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். உள்ளே படுத்திருப்பவருக்கு வந்தது இன்ஃப்ளூயன்சாவோ கோவிடோ ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸோ, கேள்வி மட்டும் மாறுவதில்லை: பிழைச்சுக்குவாங்களா? ரொம்ப வருடம் நான் சொல்லிவந்த பதில், "இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது, பார்ப்போம்" என்பதுதான். அது நியாயமான பதில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். நோயாளி உள்ளே வந்த கொஞ்ச நேரத்திலேயே நாங்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம், யாரைச் சாதாரணப் படுக்கையில் வைப்பது, யாரை நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் வைப்பது, யாருக்காக ஐசியூவைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அந்தக் கணக்குப்படிதான் நடக்கிறது. வெளியே நிற்பவருக்கு மட்டும் அதைச் சொல்லாமல் விடுகிறோம்.

ஒரு அம்மா, 78 வயது. காய்ச்சல் இல்லை, லேசான இருமல், "நேத்திலேர்ந்து மாத்தி மாத்திப் பேசுறாங்க" என்று மகள் கூட்டிவந்திருந்தார். வயதானவர்களுக்கு ஃப்ளூ பல நேரம் இப்படித்தான் வரும். காய்ச்சலே தெரியாது, திடீரென்று குழம்புவார்கள், இல்லாவிட்டால் தடுமாறிக் கீழே விழுவார்கள். சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை 20 என்று எழுதியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். 32.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, நானும் அவசரத்தில் அப்படி எழுதியவன்தான். ஆனால் எந்த வார்டிலும் கேஸ் ஷீட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள், 18, 20, 18, 20 என்றே போகும். நாடியையும் ரத்த அழுத்தத்தையும் சாச்சுரேஷனையும் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) கருவி சொல்லிவிடுகிறது, மூச்சை மட்டும் மனிதர் ஒருவர் நின்று எண்ண வேண்டியிருக்கிறது, அதனால் அது ஊகமாகிவிடுகிறது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்2 என்ற, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 20 என்றால் பூஜ்யம், 25-ஐத் தொட்டால் 3. எந்த ஒரு அளவில் 3 வந்தாலும் உடனே மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி. ஒரு நிமிடம் எண்ணாமல் விட்டதால் அந்த அம்மாவின் மூச்சுக்கு 3 விழ வேண்டிய இடத்தில் பூஜ்யம் விழுந்திருந்தது.

சரி, எண்ணினோம். அடுத்து கர்ப்-65. நிமோனியா எவ்வளவு தீவிரம் என்று பார்க்க 2003-இல் வெளியான எளிய கணக்கு இது: குழப்பம், ரத்தத்தில் கூடுதல் யூரியா, மூச்சு 30 அல்லது அதற்கு மேல், குறைந்த ரத்த அழுத்தம், வயது 65 அல்லது அதற்கு மேல், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அந்த அம்மாவுக்கு யூரியா முடிவு வருவதற்கு முன்பே 3. முதலில் வந்த ஆய்வில் 3-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். இதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் உறைந்துபோவார்கள், ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால் 100 பேரில் 78 பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த அம்மா அந்த 22-இல் ஒருவரா, 78-இல் ஒருவரா என்று கர்ப்-65 சொல்லாது. எந்தக் கணக்கும் சொல்லாது. இவரை எவ்வளவு கிட்டத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்பதை அது சொல்லும், எனக்கு அது போதும்.

வைரஸ் நோயாளிகளிடம் கர்ப்-65-ஐ அப்படியே நம்பக் கூடாது, இதை இளம் மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நிமோனியாவுக்காக உருவான அந்த ஐந்து புள்ளிகளில் ஆக்சிஜன் அளவு இல்லவே இல்லை. 40 வயதுக்காரர், சாச்சுரேஷன் 84, தெளிவாகப் பேசுகிறார், ரத்த அழுத்தமும் யூரியாவும் சரி, மூச்சு 28. கர்ப்-65 பூஜ்யம்! வீட்டுக்கு அனுப்பலாம் என்ற அர்த்தம் வந்துவிடும். 2009-இல் எச்1என்1 பரவியபோது இளைஞர்களும் கர்ப்பிணிகளும் உடல் பருமன் உள்ளவர்களும் ஐசியூவில் கிடந்தார்கள், வயதுக்குப் புள்ளி தரும் கணக்கு அவர்களைப் பார்க்கத் தவறியது.

கோவிட் வந்த பிறகு இப்படிக் கணிக்கும் கணக்கு மாதிரிகள் மழைபோலக் கொட்டின. 2020 ஏப்ரலில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவற்றைத் திரட்டிப் பரிசீலித்தவர்கள், எல்லாவற்றிலுமே பிழைச்சாய்வு, அதாவது முடிவை ஒரு பக்கமாக இழுக்கும் தவறு, வர வாய்ப்பு அதிகம் என்றார்கள். ஆய்வு முடிந்த நாளில் இன்னும் வார்டில் படுத்திருந்தவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கியிருந்தது அவற்றில் அடிக்கடி தென்பட்ட தவறு. நீண்ட நாள் போராடுகிறவர்களைத் தூக்கிவிட்டு யார் பிழைப்பார் என்று கணித்தால் என்ன வரும்? அந்தக் கூட்டத்தில் உருப்படியாக வந்தது ஐசாரிக் என்ற ஆய்வுக் குழுவின் 4சி மதிப்பெண். வயது, ஆணா பெண்ணா, ஏற்கெனவே எத்தனை நோய், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, நினைவுநிலை, யூரியா, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஆக எட்டு விஷயங்கள். மொத்தம் 21. 15-ம் மேலும் எடுத்தவர்களில் 62 சதவீதம் பேர் இறந்தார்கள், 3-ம் கீழும் எடுத்தவர்களில் 1 சதவீதம். எட்டும் எந்த நடுத்தர மருத்துவமனையிலும் கிடைப்பவை, அதனால்தான் எனக்கு அது பிடிக்கிறது.

ஆனால் அந்த 62 எப்போது பிறந்த எண் என்று பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை பிரிட்டனில் சேர்க்கப்பட்டவர்களை வைத்து அந்த மதிப்பெண்ணை உருவாக்கிச் சரிபார்த்தார்கள். அந்த ஜூனில்தான் ரிகவரி என்ற பிரிட்டிஷ் சிகிச்சை ஆய்வின் முடிவு வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று அது காட்டியது. அப்புறம் தடுப்பூசி வந்தது. சிகிச்சை மாறினால் எண் பழசாகிவிடும். யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவது ஒரு திறமை, ஆபத்து எத்தனை சதவீதம் என்று சரியாகச் சொல்வது வேறு திறமை. முதலாவது ஓரளவு நீடிக்கலாம், இரண்டாவது சீக்கிரம் கெட்டுப்போகும். பழைய சதவீதத்தை இன்றைய நோயாளியின் குடும்பத்திடம் சொல்வது தப்பு.

கணக்கில் வராதவையும் இருக்கின்றன. சாச்சுரேஷன் 96 என்று பார்த்து நிம்மதி அடைகிறோம், எத்தனை லிட்டர் ஆக்சிஜனில் அந்த 96 என்று பக்கத்தில் எழுதாவிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. விரலில் மாட்டும் கருவி கறுத்த தோல் உள்ளவர்களிடம் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டலாம். கருவி 92 முதல் 96 வரை காட்டும்போதே உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 இறுதியில் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பிறகு இதயம். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஆபத்து சுமார் ஆறு மடங்கு என்று 2018-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு சொன்னது. நுரையீரல் தேறிவருகிறதே என்று இருக்கும்போது இப்படியும் ஒருவர் போய்விடலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவுவது ஒரு கேள்வி. "ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க? தானாக் குளிச்சாங்களா, படி ஏறினாங்களா?" முதியவரின் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் நலிவு அளவுகோலின் அடிப்படையே இதுதான். 80 வயதில் தனியாக நடமாடியவரும், 68 வயதில் கட்டிலைவிட்டு இறங்காதவரும் ஒரே வைரஸைத் தாங்குவது ஒன்றாக இருக்காது.

அந்த அம்மாவை நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றினோம், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைத் தொடங்கினோம், ஃப்ளூ என்று அப்புறம் உறுதியானது. மகளிடம் அன்றைக்கு முதல்முறையாக எண்களோடு பேசினேன். ஆபத்து அதிகம், ஆனால் இவரைப் போன்றவர்களில் பிழைப்பவர்களே அதிகம் என்றேன். ஆக்சிஜன் நாளைக்கு 4 லிட்டரிலிருந்து 2-க்கு இறங்கினால் எனக்கு நம்பிக்கை கூடும், 6-க்கு ஏறினால் ஐசியூ பற்றிப் பேசுவோம் என்றும் சொன்னேன். அவர் அழவில்லை. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் 3, அதற்கடுத்த நாள் 2. ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். அம்மா வாக்கர் பிடித்து நடந்தார். முன்பு தானாகவே மாடிப்படி ஏறியவர், இப்போது குளியலறைக்குப் போகவே துணை வேண்டியிருந்தது. "டாக்டர், உயிர் பிழைப்பாங்கன்னு சொன்னீங்க, சரி. இப்படி ஆகும்னும் சொல்லியிருந்தா நான் வேலைக்கு லீவு போட்டு ஏற்பாடு பண்ணியிருப்பேனே" என்றார் மகள். நான் தெரிந்து சொன்ன எண்களெல்லாம் 28 நாள், 30 நாள் உயிரோடு இருப்பதைப் பற்றியவை. இப்போது வயதானவர் யாரைச் சேர்த்தாலும், வீட்டில் மாடிப்படி இருக்கிறதா, பகலில் கூட யார் இருப்பார்கள் என்று முதல் நாளே கேட்டு, கேஸ் ஷீட்டில் மூச்சு எண்ணிக்கைக்குக் கீழே எழுதிவைக்கிறேன்.