டிவிடி-9 மாஸ்டர்: காமன் கூத்தை எந்த நிமிடத்தில் வெட்டுவது?

கணினியில் எரித்த இரட்டை அடுக்கு வட்டுகளை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீடுகளிலுள்ள பழைய பிளேயர்கள் பல ஏற்க மறுக்கின்றன. அதனால்தான், இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் படமாக்கிய காமன் கூத்தை, மன்மதன் எரிந்த கதையை ஆடும் அந்த இரவுக் கூத்தை, ஆலையில் டிவிடி-9 என்னும் இரட்டை அடுக்கு இறுவட்டாக அச்சிட்டு வெளியிடுவதென்று முடிவெடுத்தோம். எரிக்கும்போது லேசர் ஒரு சாயப் படலத்தில் எழுதுகிறது. ஆலையிலோ கண்ணாடி மாஸ்டரிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, பாலிகார்பனேட்டில் தட்டுகளை வார்த்து, 0.6 மி.மீ. தடிப்புள்ள இரண்டை ஒட்டி ஒரு வட்டாக்குகிறார்கள். அச்சு ஒருமுறை தயாராகிவிட்டால் திருத்த வழியில்லை. திருத்தமெல்லாம் ஹட்டனில், எங்கள் மேசையிலேயே முடிந்தாக வேண்டும். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது தொடங்கும் வெட்டைப் படத்தின் எந்த இடத்தில் வைப்பது என்பதும் அதில் அடங்கும்.

இரட்டை அடுக்கு வேண்டுமா என்று செலவைக் காட்டி நண்பர்கள் கேட்டார்கள். படம் 2 மணி 20 நிமிடம். ஒற்றை அடுக்கின் 4.7 பில்லியன் பைட்டுக்குள் அதை அடைத்தால், ஒலியையும் சேர்த்து நொடிக்கு 4.5 மெகாபிட்கூடக் கிடைக்காது. மேசையில் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிக்கு அது போதும். இரவுக் கூத்தில் பந்தம் எரிகிறது, புகை எழும்புகிறது, நடுவே மலையிலிருந்து மூடுபனி இறங்குகிறது. டிவிடிக்காகப் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறைக்கு இவற்றைப் போன்ற எதிரிகள் இல்லை. முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். டிவிடி-9 இல் 8.54 பில்லியன் பைட் இருப்பதால் ஒலி உட்பட 7 மெகாபிட் அளவில் வைக்க முடிந்தது. உச்ச வேகம் 9.8 வரை போகலாம் என்று விதி அனுமதித்தாலும், பழைய பிளேயர்களை நினைத்து 8.5 உடன் நிறுத்தினேன். படத்தை ஒருமுறை அளந்து மறுமுறை சுருக்கும் இரண்டு சுற்றுக் குறியாக்கம் இரவு முழுவதும் ஓடும். மழைக்காலத்து ஹட்டனில் யூ.பி.எஸ். இல்லாமல் அதைத் தொடங்குவது வீண்.

உண்மையான வேலை லேயர் பிரேக் எனப்படும் அந்த வெட்டில்தான். டிவிடி வீடியோவில் முதல் அடுக்கு உள்ளிருந்து வெளியே ஓடும். இரண்டாவது வெளியிலிருந்து உள்ளே திரும்பும். திரும்பும் இடத்தில் லேசர் குவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பல பிளேயர்களில் படம் கண நேரம் நிற்கும். அந்த இடம் செல் எனப்படும் படத்துண்டு ஒன்றின் தொடக்கத்தில் இருக்க வேண்டும், வட்டில் தரவு எழுதப்படும் 16 செக்டர் கொண்ட தொகுதியின் எல்லையிலும் பொருந்த வேண்டும். இரண்டாம் அடுக்கு முதலாவதைவிடப் பெரிதாக இருக்கவும் கூடாது.

கடைசி விதிதான் கையைக் கட்டிப்போடுகிறது. முதல் அடுக்கில் ஏறத்தாழ 4.27 பில்லியன் பைட்டுக்கு மேல் கொள்ளாது. எங்கள் வட்டின் மொத்தம் 8 பில்லியன். ஆகவே வெட்டு 4 க்கும் 4.27 க்கும் இடையில் விழ வேண்டும். படத்தில் அது ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வட்டை விளிம்புவரை நிரப்பியிருந்தால் அந்த ஐந்து நிமிடமும் இருந்திராது. இடம் சும்மா கிடக்கிறதே என்று பிட்ரேட்டை ஏற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெட்டு விழக்கூடிய அந்த ஐந்து நிமிட ஜன்னல் படத்தின் 74 ஆம் நிமிடத்துக்கும் 79 ஆம் நிமிடத்துக்கும் இடையில் அமைந்தது. அப்போது சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், காமனாகிய மதன் எரிகிறான், தப்பு மேளம் உச்சத்தில் முழங்குகிறது. அங்கே படம் நின்றால் தோட்டத்துச் சனம் எங்களைச் சும்மா விடாது. கூத்து வாத்தியாரின் நேர்காணலை வட்டின் கடைசியில் வைத்திருந்தேன். கால் மணி நேரப் பேச்சு, அரை பில்லியன் பைட்டுக்குக் கொஞ்சம் கூட. அதை வட்டின் முதல் தலைப்புத் தொகுதியாக்கி, அதாவது முதல் கோப்புக் குழுவாக்கி, படத்தை அதற்குப் பின்னால் தள்ளினேன். மெனுவிலிருந்து தேர்ந்தெடுத்துப் பார்ப்பவருக்கு இந்த வரிசை தெரியவே தெரியாது. ஜன்னல் மட்டும் பத்து நிமிடம் முன்னால் நகர்ந்து, 64 க்கும் 69 க்கும் இடையில் வந்தது. அங்கே ரதி மதன் திருமணம் முடிந்து, ஓலையோடு தூதன் வருமுன் திரை இருண்டு ஒலியும் அடங்குகிறது. அந்த இருட்டில் அத்தியாயக் குறி ஒன்றை வைத்து மறுபடி குறியாக்கம் செய்தேன். குறியைப் பிறகு ஒட்டவைக்கலாம் என்று விட்டால், அது பக்கத்து ஐ-பிரேமுக்கு, அதாவது முழுதாகச் சேமிக்கப்பட்ட பக்கத்துச் சட்டத்துக்கு, ஓடிவிடும்.

வட்டு எரிக்கும் இம்ஜ்பர்ன் மென்பொருள் பொருத்தமான செல்களைப் பட்டியலிட்டுக் காட்டுவதால் தேர்வு எளிது. ஆனால் வட்டின் முழு நகலான ஐ.எஸ்.ஓ. கோப்புக்குள் மட்டும் வெட்டு எங்கே என்ற தகவல் இருக்காது. கூடவே பிறக்கும் எம்.டி.எஸ். கோப்பில்தான் அது பதிவாகும். சென்னை ஆலை டி.எல்.டி. என்னும் தரவு நாடா கேட்டது. அந்த இயந்திரத்துக்கு மலையகத்தில் எங்கே போவது? மாஸ்டரை ஆலைக்கு ஒப்படைக்கும் டி.டி.பி. வடிவத்தில், அடுக்குக்கு ஒன்றாக இரு தொகுதிகளை வன்வட்டில் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தார்கள். எங்கள் இணைய வேகத்தில் எட்டு ஜிகாபைட்டை ஏற்றுவதைவிட, ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கூரியரில் போடுவது விரைவு. கோப்பு பிசகாமல் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்க, ஒவ்வொன்றுக்கும் எம்.டி.5 எண்ணை எடுத்துத் தனி மின்னஞ்சலில் அனுப்பினோம்.

எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் பிராந்தியக் குறி போடவில்லை. இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் பிராந்தியம் என்பதால், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா திரும்பி நீலகிரிக்குப் போன உறவுகள் எப்படியும் பார்க்கலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்காகவே எல்லாவற்றையும் திறந்துவிட்டோம்.

ஆலையின் உரிமைப் படிவம் வேறு வகைச் சிக்கல். பாடலாசிரியர் பெயர் கேட்டிருந்தார்கள். வாத்தியாரிடம் படிவத்தைக் காட்டினேன்.

"என் பாட்டன் பாடினது தம்பி. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! என் பெயரைப் போட்டுவிடாதீர்கள்."

மரபுப் பாடல் என்று எழுதி, ஆட்டமும் ஒளிப்பதிவும் யாருடையவை என்பதற்குக் குழுவினர் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்தோம். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

வன்வட்டு புறப்படுமுன்னே, அதே வெட்டோடு டிவிடி பிளஸ் ஆர் டி.எல். என்னும் எரிக்கக்கூடிய இரட்டை அடுக்கு வட்டு ஒன்றை எரித்து, பழைய பிளேயர்களும் ஏற்கட்டுமென்று, வட்டின் வகையைச் சொல்லும் புக் டைப் குறியை அச்சிட்ட வட்டுக்குரிய டிவிடி ரொம் என்று மாற்றி, தோட்டத்தில் கிடைத்த பிளேயர்களிலெல்லாம் போட்டுப் பார்த்திருந்தோம். மிகப் பழைய ஒன்று மட்டும் இருட்டில் சற்றுத் தயங்கியது. வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தூதன் வர இவ்வளவு நேரமா என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.