மலாவி: ஒரு கிளினிக், இரண்டு கணக்கு

மலாவிக்கு எச்.ஐ.வி., காசநோய் வேலைக்காகப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே பதிவேடுகளைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. மருந்தைப் பற்றி அங்குள்ள நர்ஸுகளுக்கு வெளியாள் வந்து சொல்ல அதிகம் இருக்காது. சுமார் 10 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு அது. கூட்டு மருந்து கொடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை தரும் கிளினிக்கில் ஆளுக்கு ஓர் அட்டை உண்டு, மாஸ்டர் கார்டு என்பார்கள். சிகிச்சை தொடங்கிய நாள், எடை, மருந்துத் தொகுப்பின் எண், மீந்த மாத்திரை, அடுத்து வரவேண்டிய தேதி எல்லாம் அதில் ஏறும். நோயாளி கையில் ஹெல்த் பாஸ்போர்ட் என்ற சின்ன நோட்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைத்தான் நீட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகாதார அமைச்சகத்தின் மேற்பார்வைக் குழு வந்து அட்டைகளை எண்ணும். சிகிச்சையில் இருப்பவர், இறந்தவர், நிறுத்தியவர், தொடர்பு விட்டுப்போனவர், வேறு மையத்துக்கு மாறியவர் என்று பிரிக்கும். அலமாரியில் உள்ள மாத்திரை டப்பாக்களையும் அப்போதே எண்ணிவிடுவார்கள். எவ்வளவு மருந்து தருவிக்க வேண்டும் என்ற கணக்குக்கு அடிப்படை இந்த இரண்டு எண்கள்தான்.

இந்தக் காலாண்டு எண்ணிக்கை காசநோய்த் திட்டத்திலிருந்து வந்தது. காசநோய் மருத்துவர் கரெல் ஸ்டிப்லோ 1970களின் இறுதியில் டான்சானியாவில் வகுத்த முறையை மலாவியும் ஏற்றிருந்தது. 2004இல் குளோபல் ஃபண்டு என்ற சர்வதேச நிதியத்தின் பணத்தில் இலவச ஏ.ஆர்.டி. விரிவடைந்தபோது அதே முறையை எச்.ஐ.வி.க்கும் பொருத்தினார்கள். 2011இல் எடுத்த முடிவும் அதே போக்கில் வந்ததுதான். சிடி4 என்ற எதிர்ப்பு சக்தி அணுக்களை எண்ணும் இயந்திரம் இல்லாத கிராம மையத்தில் சிடி4 பார்த்து மருந்து கொடு என்று சொல்லி என்ன பயன்? கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எச்.ஐ.வி. உறுதியானால் ஆயுள் முழுக்க மருந்து எடுக்கட்டும் என்றார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலிலும் அது இடம்பிடித்தது.

இந்த ஒழுங்கு குலைவது பெரும்பாலும் பணம் தரும் வெளிநாட்டுக் கூட்டாளிகளால். மருந்து தீர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 60 நாள் தாண்டியும் வராதவரைத்தான் தேசியத் திட்டம் 'விட்டுப்போனவர்' என்று எழுதும். அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டத்துக்கு 28 நாள் போதும். அறுவடைக்கோ தென்னாப்பிரிக்காவுக்குக் கூலி வேலைக்கோ போய், மருந்து தீர்ந்த ஆறாவது வாரம் திரும்பும் ஒருவர் ஒரு கணக்கில் தொடர்ந்து இருக்கிறார், இன்னொன்றில் விழுந்து மறுபடி எழுகிறார். இரண்டுமே நியாயமான வரையறைகள். ஆனால் ஒரே டேட்டா கிளார்க் ஒரே அட்டைகளை இரண்டு முறை பிரித்து எண்ண வேண்டியிருக்கிறது. தலைநகரில் நடக்கும் கூட்டத்தில் எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று அரை நாள் ஓடும். நன்கொடையாளர் சொந்தப் பதிவேட்டோடு வந்தால், அதை நிரப்ப ஓர் ஆளையும் கூட்டி வரட்டும் என்று கேட்டுவிடுவது உத்தமம்.

இன்னொரு விரிசல் காசநோய் அறைக்கும் எச்.ஐ.வி. அறைக்கும் நடுவே. 13ஏ என்று அவர்கள் எண்ணிட்டிருக்கும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் அடங்கும். டப்பாவைத் திருப்பினால் ஐதராபாத் கம்பெனிகளின் பெயர் அடிக்கடி தென்படும். 2001இல் இந்தியாவின் சிப்லா கம்பெனி ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குக் கூட்டு மருந்து தருவதாகச் சொன்னதே உலகச் செய்தியாக இருந்தது. 2023இல் குளோபல் ஃபண்டு இதை 45 டாலருக்கும் குறைவாக வாங்கியது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுவதால் டோலுடெகிராவிர் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் காலையில் 13ஏ ஒன்று, 12 மணி நேரம் கழித்து டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் தனியாக ஒன்று. ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் இது தொடர வேண்டும்.

எழுத எளிது. நடப்பில், காசநோய் அறையில் மருந்து தொடங்கிய செய்தி பக்கத்து அறைக்குப் போகாது. ஹெல்த் பாஸ்போர்ட்டில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியிருக்க மாட்டார்கள். இருமல் நின்றதும் மாலை மாத்திரையை நோயாளியே விட்டுவிடுவதும் உண்டு. கொள்முதலிலும் ஒரு குழி: காசநோய் சிகிச்சை 28 நாள் மாதமாக ஆறு மாதம், அதாவது 168 நாள், அதோடு 14 நாள் சேர்த்தால் 182. தனி டோலுடெகிராவிர் 30 மாத்திரை டப்பா 6 போட்டால் இரண்டு நாள் குறையும், எனவே 7 கேட்க வேண்டும். மாதத்துக்கு ஒன்று என்று 6 கேட்கும் மையத்தில் கடைசி இரண்டு நாளுக்கு மாத்திரை இராது. இதற்கு ஒரே அறை, ஒரே மேசை, ஒரே நாளில் இரண்டு மருந்தும் என்பதைவிட மேலான தீர்வு எதுவும் தெரியவில்லை.

வரிசையும் முக்கியம். காசநோய் மருந்தை முதலில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி. கொடுக்கலாம், மூளை உறைக் காசநோய் என்றால் குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும். ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் திரும்பி, கழுத்தில் நெறி கட்டலாம். எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், 'புது மாத்திரை ஒத்துக்கவில்லை' என்று இரண்டையும் நிறுத்திவிடுவார்கள்.

சளியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் வந்து இறங்கும் நாளில் படம் எடுக்க எல்லோரும் வருவார்கள். அதற்கு 30 டிகிரிக்கு மேல் ஆகாது. சளியை விட்டு இயந்திரத்தில் செருகும் கார்ட்ரிஜை 2 முதல் 28 டிகிரியில் வைக்க வேண்டும். ஷிரே பள்ளத்தாக்கின் சிக்வாவாவிலும் என்சாஞ்சேயிலும் அக்டோபர் வெயில் 40ஐத் தொடும். சளியின் அளவைப்போல் இரண்டு மடங்கு ரீஏஜென்ட் திரவம் ஊற்றிக் குலுக்கி, 10 நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, 5 நிமிடம் கழித்து 2 மில்லியை கார்ட்ரிஜில் விட வேண்டும். கூட்டம் நெருக்கும்போது அந்த 15 நிமிடம்தான் முதலில் சுருங்கும். சளி கரையாமல் கெட்டியாகவே போனால் 2008 என்ற அழுத்தப் பிழை திரையில் வரும், கார்ட்ரிஜ் வீண். நடுவில் கரண்ட் போனாலும் அப்படித்தான். யூ.பி.எஸ்., ஏ.சி., ஆண்டு காலிப்ரேஷன், கெட்டுப்போன மாட்யூலை மாற்றும் செலவு நான்கையும் இயந்திர விலையோடு சேர்த்தே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் எந்தத் தலைப்பிலும் அடங்காது.

சளியே வராத, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு லாம் பட்டை என்ற காசநோய்ச் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறது. 60 மைக்ரோலிட்டர் சிறுநீர், 25 நிமிடம், மின்சாரம் வேண்டாம். சோம்பா மத்திய மருத்துவமனையும் பங்கேற்ற, 2018இல் வெளியான ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்கள் வார்டில் சேரும்போதே சிறுநீரைப் பார்ப்பதன் பயனைக் காட்டியது. இருந்தும் பட்டை அலமாரியில் தூங்குவதைப் பார்க்கலாம். கோடு மிக மங்கலாக இருக்கும், ஒப்பீட்டு அட்டையை நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த அட்டை தொலைந்துபோன வார்டில் பரிசோதனையும் மெல்ல நின்றுபோகிறது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது அடி முதலில் ஆட்கள்மேல் விழுந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை உதவியாளர், டேட்டா கிளார்க், வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பவர் போன்ற பணியிடங்களில் பெரும்பகுதி திட்டப் பணத்தில் ஓடியது. குளோபல் ஃபண்டு வாங்கிய மாத்திரை அலமாரியில் இருந்தாலும், தேதி தாண்டிய அட்டைகளைப் பிரித்தெடுக்க ஆள் வேண்டுமே. புதிய ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஒவ்வொரு பணியிடத்துக்கும் மூன்று விவரம் எழுதிக்கொள்ளலாம்: அரசின் சம்பள விகிதத்தில் அது எந்த நிலை, எந்த நிதியாண்டில் மாவட்டப் பட்ஜெட்டுக்கு மாறும், அதுவரை இரு தரப்பும் எவ்வளவு பங்கு கொடுக்கும். முதல் வரியை நிரப்ப முடியாத பணியிடம் என்றால், அதை உருவாக்கும் முன் மாவட்டச் சுகாதார அதிகாரியோடு இன்னொரு முறை உட்கார வேண்டும்.